25 நாள் வரவேண்டிய மருந்து

ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் மருந்துக் கடை. டி.பார்ம் முடித்த கையோடு அந்தக் கவுண்டருக்குப் பின்னால் வந்து நின்றேன்; 24 வருடம் ஓடிவிட்டது. எந்த மாதத்தில் எந்த மருந்து போகும் என்று பில் புத்தகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். ஐப்பசி மழைக்கு இருமல் மருந்து. தீபாவளிக்கு மறுநாள் தீக்காயக் களிம்பும் இன்ஹேலரும். கார்த்திகை, மார்கழிப் பனிக்கு மறுபடியும் இன்ஹேலர். பஞ்சாலைகளை நம்பி வளர்ந்த ஊர் இது. புளோ ரூமிலும் கார்டிங்கிலும் 30 வருடம் பஞ்சுத் தூசியை இழுத்தவர்கள் இப்போது 60-ஐத் தாண்டி, திண்ணையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

போன கார்த்திகையில் அப்படி ஒருவர் வந்தார். "அந்த பம்ப்பு ஒண்ணு குடு தாயி" என்றார். வழக்கமாக வாங்குகிறவர்தான். எடுத்துக் கொடுக்கப் போனேன். பில் போடும்போது கம்ப்யூட்டரில் முந்தைய தேதி கண்ணில் பட்டது. அதே மருந்தை வாங்கிச் சரியாக 10 நாள் ஆகியிருந்தது.

அந்தக் குப்பியில் 200 அழுத்தம் இருக்கும். டாக்டர் எழுதியிருந்தது ஒரு வேளைக்கு 2, நாளைக்கு 4 வேளை. அப்படியானால் நாளைக்கு 8. குப்பி 25 நாள் வரவேண்டும். 10 நாளில் தீர்ந்திருக்கிறது என்றால் நாளைக்கு 20 அழுத்தம். இந்த வகை இன்ஹேலரில் 24 மணி நேரத்துக்கு 12-ஐத் தாண்டக்கூடாது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இவருக்கு மூச்சு மோசமாகிக்கொண்டே போகிறதா, அல்லது மருந்து உள்ளேயே போகவில்லையா? இரண்டில் எதுவாக இருந்தாலும் நான் இன்னொரு பெட்டியை எடுத்து நீட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பது சரியில்லை.

"அண்ணாச்சி, எப்படி அடிக்கிறீங்க? ஒருக்கா செஞ்சு காட்டுங்க" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து பழைய இன்ஹேலரை எடுத்தார். மூடி இல்லை. குலுக்கவில்லை. பல் டாக்டரிடம் காட்டுவதுபோல வாயைத் திறந்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கியபடி மூன்று முறை படபடவென்று அழுத்தினார். கடைசி மிச்சம் வெள்ளைப் புகையாக வந்து நாக்கில் மோதித் திரும்பி, மீசை வழியாக மேலே ஏறிக் கண்ணுக்குப் போனது. கண்ணைக் கசக்கிக்கொண்டே எச்சிலை விழுங்கினார். "இப்பல்லாம் இதுல வீரியமே இல்ல தாயி. கம்பெனிக்காரன் தண்ணிய அடைச்சு விக்கான்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். வாய் வைக்கும் குழாயின் உள்ளே ஒரு சின்னப் பாக்குத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கொண்டை ஊசியால் நெம்பி எடுத்தேன். சரியான முறையில் வாயில் வைத்து இழுத்திருந்தால் அந்தப் பாக்கு எங்கே போயிருக்கும் என்று நினைத்தபோது கை நடுங்கியது. மூடியில்லாத இன்ஹேலருக்குள் கிடந்த காசையும் பட்டனையும் உள்ளே இழுத்துவிட்டு ஆபரேஷன் தியேட்டர்வரை போனவர்கள் உண்டு.

அவர் நாலு வருடமாக இந்த மருந்தை வாங்குகிறார். பெரும்பாலும் என் கையால்தான். நாலு வருடத்தில் ஒருமுறைகூட நான் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இன்ஹேலரை 'ஸ்பிரே' என்று நம் ஜனங்கள் சொல்வதில் தப்பில்லை. அது பிறந்த கதையே அதுதான். 1955-இல் அமெரிக்காவில் ஆஸ்துமா இருந்த 13 வயதுச் சிறுமி ஒருத்தி, மருந்து கம்பெனி நடத்திய தன் அப்பாவிடம், தலைக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி என் மருந்தையும் ஒரு டப்பாவில் அடைத்துத் தரக்கூடாதா என்று கேட்டாள். மறு வருடமே அளவாக மருந்து தரும் முதல் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. ஆனால் தலைக்கு அடிக்கிற மாதிரி வாய்க்கு அடித்தால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். முதலில் நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். குழாயைப் பல்லுக்கு நடுவில் வைத்து உதட்டால் இறுக்கி மூட வேண்டும். மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பிக்கும் அந்தக் கணத்தில் ஒரே ஒரு அழுத்து. இழுத்து முடித்ததும் 10 எண்ணும்வரை அடக்கிவைக்க வேண்டும். அடுத்த அழுத்தத்துக்கு ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும். சொல்லும்போது சுலபம். மூச்சு முட்டுகிற 68 வயது மனிதருக்குக் கையும் மூச்சும் ஒரே கணத்தில் சேர்ந்துவருவது சுலபம் இல்லை. அதற்குத்தான் ஸ்பேசர் என்கிற அந்தப் பிளாஸ்டிக் கூடு. மருந்து அதற்குள் நின்று காத்திருக்கும், நிதானமாக இழுத்துக்கொள்ளலாம். சில நூறு ரூபாய்ச் சாமான். சீட்டில் எழுதப்படுவது அபூர்வம். எழுதினாலும் "அது வேண்டாம், பம்ப்ப மட்டும் குடுங்க" என்பார்கள்.

இனி உள்ளே இருக்கும் மருந்துக்கு வருகிறேன். அவர் வாங்குவது ஒற்றை மருந்து அல்ல, கூட்டு மருந்து. ஒவ்வொரு அழுத்தத்திலும் லெவோசால்பூட்டமால் 50 மைக்ரோகிராம், இப்ராட்ரோபியம் 20 மைக்ரோகிராம். முதலாவது, மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகியிருக்கும் தசையைத் தளர்த்துகிறது. ஐந்து நிமிடத்தில் வேலையைத் தொடங்கிவிடும். இரண்டாவது, அந்தத் தசையை இறுக்கச் சொல்லி நரம்பு அனுப்பும் கட்டளையை மறிக்கிறது. இது நிதானமாக வேலை செய்யும். கால் மணி நேரம் போகவேண்டும், முழுப்பலன் தெரிய ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். இந்தப் பொறுமை யாருக்கும் சொல்லித்தரப்படுவதில்லை. இரண்டு அடித்து ஐந்து நிமிடத்தில் கேட்கவில்லை என்று இன்னும் இரண்டு, அப்புறம் இன்னும் இரண்டு. அண்ணாச்சியின் 20 இப்படித்தான் வந்தது.

இப்ராட்ரோபியம் என்ற பெயர் வாயில் நுழையாவிட்டாலும் அதன் குலம் நமக்குத் தெரிந்ததுதான். அது அட்ரோபின் என்ற சத்திலிருந்து மாற்றிச் செய்யப்பட்டது. ஊமத்தையில் இருக்கும் விஷச் சத்துக்களின் குடும்பம். இழுப்புக்கு ஊமத்தை இலையைக் காயவைத்துப் புகைபிடிக்கும் வைத்தியம் இந்த மண்ணில் வெகுகாலமாக இருந்தது. சென்னையில் இருந்த ஜெனரல் ஜென்ட் என்ற ஆங்கிலப் படை அதிகாரி 1802 வாக்கில் அந்தப் பழக்கத்தைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனதாக மருத்துவ வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். அதன்பின் ஐரோப்பாவில் ஆஸ்துமா சிகரெட் என்றே பெட்டி பெட்டியாக விற்றார்கள். அதிலிருந்த நஞ்சைக் குறைத்து, உடம்பு முழுக்கப் பரவாமல் நெஞ்சோடு பெரும்பாலும் நிற்கும்படி செய்து, 1970-களில் இன்ஹேலராக்கினார்கள்; அதுதான் பின்னால் நமக்கே திரும்பி வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஊமத்தங்காயைத் தின்றவனுக்கு என்ன ஆகும் என்று கிராமத்தில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வாள். வாய் உலரும், கண்மணி விரியும், நீர் கட்டிக்கொள்ளும், நெஞ்சு படபடக்கும், புத்தி பிசகும். அந்தப் பட்டியலைத் தண்ணீர்விட்டுக் கரைத்தால் கிடைப்பதுதான் இந்த இன்ஹேலரின் எச்சரிக்கைத் தாள். வாய் உலர்வது பலருக்கும் கொஞ்சம் இருக்கும். ஒரு மடக்குத் தண்ணீரில் சரியாகும். கண்ணும் நீரும்தான் கவனிக்க வேண்டியவை. கண்ணைப் பற்றி நான் கற்றது புத்தகத்தில் அல்ல.

என் அம்மா வாழ்நாள் முழுக்க விறகடுப்பில் சமைத்தவள். ஒரு பீடியைத் தொட்டதில்லை. ஆனால் 50 வருடம் ஊதாங்குழலை வாயில் வைத்து ஊதி, சாம்பலும் புகையும் இழுத்த நுரையீரல். சிஓபிடி, அதாவது நாள்பட்ட மூச்சடைப்பு நோய் என்று டாக்டர் சொன்னபோது அவளுக்கு 71 வயது. இன்ஹேலரை அழுத்தக் கைவிரலில் பலம் இல்லை என்பதால் வீட்டுக்கே நெபுலைசர் மிஷின் வாங்கிவைத்தேன். அதே கூட்டு மருந்துதான். சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் திரவமாக வரும். மாஸ்க்கை நான்தான் மாட்டிவிட்டேன். அம்மாவுக்கு ஒடுங்கிய முகம். மூக்குத்தண்டின் இரண்டு பக்கமும் மாஸ்க் பொருந்தாமல் இடைவெளி இருந்தது. அந்த வழியாகப் புகை மேலேறிக் கண்ணில் படுவதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி வலது பக்கம் தலையைப் பிளக்கிறது என்றாள். வாந்தி எடுத்தாள். "லைட்டச் சுத்தி வானவில்லு மாதிரி வட்டமாத் தெரியுதுடி" என்றாள். பித்தம் என்று நினைத்து வாந்தி மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தேன். காலையில் பக்கத்து கிளினிக்கில் ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டார்கள். சாயங்காலம் கண் செக்கச் செவேலென்று ஆகி, இமைமேல் விரல் வைத்தால் கோலிக்குண்டு மாதிரி கெட்டியாக இருந்தது. மதுரைக்குக் காரில் கொண்டுபோனோம். கண் டாக்டர் அழுத்தம் பார்த்தார். 21-க்குள் இருக்கவேண்டியது 50-ஐத் தாண்டியிருந்தது. கண்ணுக்குள் நீர் வடியும் மூலை அடைத்துக்கொண்டுவிட்டது என்றார். அவர் கேட்ட இரண்டாவது கேள்வி, "வீட்டுல நெபுலைசர் வைக்கிறீங்களா?"

நான் மருந்து படித்தவள். அந்தக் கேள்வியை நான்தான் எனக்கே மூன்று நாள் முன்னால் கேட்டிருக்க வேண்டும். லேசர் செய்து அழுத்தத்தை இறக்கினார்கள். வலது கண்ணில் போன பார்வையில் பாதிதான் திரும்பியது. இப்போது அம்மா மாஸ்க் இல்லாமல், வாயில் கவ்வும் குழாய் வைத்துத்தான் அதே மருந்தை எடுக்கிறாள். மருந்து மாறவில்லை. மாறியது ஒரு பிளாஸ்டிக் துண்டு.

எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று பயமுறுத்தவில்லை. கண்ணின் மூலை குறுகலாக உள்ளவர்களுக்குத்தான் இந்த ஆபத்து. 50 தாண்டிய பெண்களிடம் அது அதிகம். தனக்கு அப்படி இருக்கிறது என்பது கண்ணைப் பரிசோதிக்காதவரை தெரியாது. ஆகவே இன்ஹேலரோ நெபுலைசரோ, மருந்து கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது எல்லோருக்கும் பொது. மருந்து வைக்கிற நாட்களில் கண் வலி, மங்கல், விளக்கைச் சுற்றி வளையம் என்று யார் சொன்னாலும் அது பித்தம் அல்ல. அன்றைக்கே கண் டாக்டர்.

இதற்கு நேர்த் தலைகீழாக ஒரு கதை உண்டு. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், சீராக இருந்தவர், திடீரென்று இளைப்பு கூடி வாரத்துக்கொரு தடவை கடைக்கு வர ஆரம்பித்தார். இன்ஹேலரைச் சரியாகத்தான் இழுக்கிறார். செய்துகாட்டச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை என்கிறார். "வேற ஏதும் மருந்து புதுசா எடுக்கீங்களா சார்?" என்றேன். "மாத்திரை ஒண்ணுமில்லம்மா" என்றவர், ஒரு நிமிடம் கழித்துப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "இது கண்ணுக்குத்தான், சொட்டு." டிமோலால். கண் அழுத்தத்துக்கு விடும் சொட்டு மருந்து. கண்ணில் விட்டது மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலக்கும். மூச்சுக்குழாயைத் தளர்த்த லெவோசால்பூட்டமால் எந்தக் கதவைத் தட்டுகிறதோ, அதே கதவை இந்தச் சொட்டு பூட்டிவிடும். ஒருபக்கம் தட்டத் தட்ட மறுபக்கம் தாழ்ப்பாள். ஆஸ்துமாக்காரருக்கு அந்தச் சொட்டு ஆகாது என்று அதன் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. கண் டாக்டரிடம் இவர் இளைப்பைச் சொல்லவில்லை. நெஞ்சு டாக்டரிடம் கண்ணைச் சொல்லவில்லை. இரண்டு பேரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். வேறு வேறு ஊரில், வேறு வேறு கட்டடத்தில், வேறு வேறு சீட்டில்.

அந்த இரண்டு சீட்டும் சந்தித்த ஒரே இடம் என் கவுண்டர். நான் இந்தக் கட்டுரையில் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். இதயத்துக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒருவர், நீர் பிரச்சினைக்கு ஒருவர் என்று பிரிந்துகிடக்கும் ஒரு வயதானவரின் மருந்துகள் எல்லாம் ஒன்றாகக் கொட்டப்படுவது மருந்துக் கடையின் கண்ணாடி மேசைமேல்தான். அங்கே நிற்கிறவர் வாய் திறக்காவிட்டால் வேறு யாரும் திறக்கப் போவதில்லை.

நான் இப்போது கூட்டு இன்ஹேலரை முதல்முறை வாங்குகிறவரிடம் மூன்றே கேள்வி கேட்கிறேன். கண்ணில் அழுத்தம் இருக்கா, சொட்டு விடுறீங்களா? ஒண்ணுக்குப் போக முக்க வேண்டியிருக்கா? நெஞ்சு படபடப்பு, பிரஷர், வேற மாத்திரை என்னென்ன?

இரண்டாவது கேள்வியை வயதான ஆண்களிடம் ஒரு பெண் கேட்பது சங்கடம்தான். கேட்டே ஆகவேண்டும். புராஸ்டேட் வீங்கியவருக்கு இந்த மருந்து நீரை அறவே கட்டிவிடலாம். ராத்திரி முழுக்கத் துடித்து, விடியற்காலம் டியூப் போட ஓடுகிறவர்கள் உண்டு. வெட்கப்பட்டு டாக்டரிடம் சொல்லாதவர்கள், மூடிய மருந்துப் பையைக் கையில் வாங்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் சொல்கிறார்கள்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் பெரும்பாலும் பைக்குள்ளேயே இருக்கும். பிரஷருக்கு அட்டெனலாலோ நடுக்கத்துக்கு ப்ரோப்ரனலாலோ எடுப்பவர்கள். டிமோலால் செய்ததையே இவையும் செய்யலாம். டெரிஃபிலின் என்ற இளைப்பு மாத்திரையைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கி, இன்ஹேலரோடு சேர்த்து விழுங்குகிறவர்கள் இன்னொரு கூட்டம். அந்த மாத்திரையும் இதயத்தை விரட்டும். இன்ஹேலரில் உள்ள லெவோசால்பூட்டமாலும் விரட்டும். கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரையும் சேர்ந்தால் உடம்பில் பொட்டாசியம் இறங்கி, துடிப்பு தாளம் தப்பும். கை லேசாக நடுங்குவதும் கொஞ்சம் படபடப்பதும் சாதாரணம், பயப்பட வேண்டாம் என்று சொல்கிறேன். மார்பு வலித்தாலோ தலை சுற்றி விழப்போனாலோ சாதாரணம் அல்ல. டியோட்ரோபியம் என்ற இன்ஹேலர் மருந்தை ஏற்கெனவே எடுப்பவருக்கு இந்தக் கூட்டு இன்ஹேலரையும் யாராவது சேர்த்து எழுதியிருந்தால் டாக்டருக்கு போன் போடுகிறேன். அதுவும் இப்ராட்ரோபியமும் ஒரே குலம். புதுக் குப்பியில் முதல் அழுத்தம் அடித்த உடனே இளைப்பு குறையாமல் கூடினால், அபூர்வமாக அப்படியும் ஆகும், அந்த மருந்தை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

எத்தனை அழுத்தம் என்ற எண்ணிக்கை விஷயத்துக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் உயிர் போவது அங்கேதான். 1960-களில் இங்கிலாந்தில் ஆஸ்துமாவால் இளம் வயதினர் சாவது திடீரென்று கூடியது. வீரியம் கூடிய ஐசோப்ரினலின் இன்ஹேலர்கள் அப்போது கடையில் சீட்டில்லாமல் கிடைத்தன. எச்சரிக்கை விடுத்து, 1968-இல் சீட்டு கட்டாயம் என்று ஆக்கியபின் சாவுகள் குறைந்தன. நியூசிலாந்தில் 1976-க்குப் பிறகு ஃபெனோட்டரால் என்ற மருந்தோடு இதேபோல இன்னொரு அலை வந்து, 1989-இல் ஆராய்ச்சியாளர்கள் அதைச் சுட்டிக்காட்டியபின் அடங்கியது. நம் கையில் இருக்கும் மருந்துகள் அவற்றைவிட மேலானவை. ஆனாலும் நோய் உள்ளுக்குள் முற்றிக்கொண்டிருக்க, அழுத்த அழுத்தக் கிடைக்கும் தற்காலிக நிம்மதியை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடுவது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஆஸ்துமாவுக்கு, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் இல்லாமல் இழுப்பைத் தளர்த்தும் மருந்தை மட்டும் வைத்து ஓட்டக்கூடாது என்று 2019-லிருந்து சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது. எண்ணிக்கை கூடுகிறது என்பதே ஒரு நோய்க்குறி. நேற்று 8, இன்று 14 என்றால் அது டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள். ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் 108.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் இன்ஹேலரைத் தூக்கிப்போட்டுவிடக் கூடாது. அந்தப் பயமும் என்னை வாட்டுகிறது. "பம்ப் அடிச்சா பழக்கமாயிடும், சாகுறவரைக்கும் விடாது" என்று சொல்லி, பிள்ளையின் இன்ஹேலரைப் பீரோவில் பூட்டிவைத்த அம்மாவை எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு நிற்கும் பெண் யார் கண்ணிலும் படாமல் அடிக்க வேண்டும் என்று சொல்லிவைக்கும் வீடுகள் உண்டு. மூச்சுக்குழாய்க்கே நேராகப் போவதால் மாத்திரையைவிடப் பல மடங்கு குறைந்த அளவே போதும். பாதுகாப்பானது அதுதான். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021-இல் மட்டும் சிஓபிடியால் உலகில் சுமார் 35 லட்சம் பேர் இறந்தார்கள். மருந்து இல்லாமல் தப்ப முடியாது. பக்கத்து வீட்டுக்காரரின் இன்ஹேலரைக் கடன் வாங்கி அடிப்பதுதான் கூடாது. அவருக்குப் புராஸ்டேட் வீக்கம் இல்லை, உங்களுக்கு இருக்கலாம்.

கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் ரோட்டாஹேலர் வகையில் வேறு விதமான தவறு. அந்தக் கேப்ஸ்யூலை எடுத்துத் தண்ணீரோடு விழுங்கிவிடுகிறார்கள். அமெரிக்காவில்கூட 2008-இல் இதற்காக அரசு எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. போன வருடம் ஒரு பூக்கார அம்மா, மிஷினை வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, இரண்டு மாதம் கேப்ஸ்யூலை மட்டும் காலை, மாலை விழுங்கியிருக்கிறார். "மாத்திரைதான தாயி, அது எதுக்குன்னு தெரியல" என்றார். கொடுத்தவர் சொல்லவில்லை, அவருக்கு எப்படித் தெரியும்?

சின்ன விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். புதுக் குப்பியை முகத்துக்கு எதிர்ப்பக்கம் காற்றில் சில தடவை அடித்துவிட்டுத் தொடங்குங்கள். பல நாள் தொடாமல் வைத்திருந்தாலும் அப்படியே. வாரம் ஒருமுறை உலோகக் குப்பியைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக்கை மட்டும் கழுவிக் காயவையுங்கள். ஸ்பேசரைத் துணியால் துடைக்காதீர்கள். மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் நிற்கும் காரிலும், மாடத்து விளக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். போகியன்று பழசோடு சேர்த்துக் காலிக் குப்பியைத் தீயில் போடாதீர்கள், வெடிக்கும்.

இனி என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும் அரசுக்கும். 2015-இல் வந்த மருந்தகப் பணி ஒழுங்குமுறைகளிலேயே, நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் பொறுப்பு என்று இருக்கிறது. நடைமுறையில் பல கடைகளில் சான்றிதழ் சுவரில் தொங்கும், ஆள் இருக்கமாட்டார். பத்தாவது படித்த பையன் ஷெல்ஃபிலிருந்து எடுத்துக் கொடுப்பான். அவன்மேல் குற்றமில்லை, அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மருந்து ஆய்வாளர்கள் வரும்போது ஃபிரிட்ஜின் டிகிரியைப் பார்க்கிறார்கள், காலாவதித் தேதியைப் பார்க்கிறார்கள், நல்லது. ஒரு காலி இன்ஹேலரைக் கையில் கொடுத்து "செய்து காட்டுங்கள்" என்றும் கேட்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் தாள், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்து யாருக்கு என்ன பயன்? தமிழில், படம் போட்டு, பெரிய எழுத்தில் ஒரே பக்கம் போதும். எத்தனை அழுத்தம் மிச்சம் என்று எண் காட்டும் குப்பிகள் வந்துவிட்டன. ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. கட்டாயமாக்கினால் என்ன? வீட்டுக்கே வந்து சேரும் ஆன்லைன் மருந்துப் பொட்டலத்தோடு இழுத்துக் காட்டும் கை வருவதில்லை. அந்த வியாபாரத்துக்கும் இதே விதி வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுப் படி ஏறிப் போகும் பெண்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் ஒரு பயிற்சி இன்ஹேலரைக் கொடுத்தனுப்புங்கள். பிரஷர் பார்க்கும் நேரத்தில் "பம்ப் அடிங்க பார்ப்போம்" என்று ஒரு வார்த்தை கேட்டால், எத்தனை பேர் வாயைத் திறந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

நேரம் இல்லை என்பார்கள். நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். மூன்று கேள்வியும் செய்துகாட்டலும் சேர்த்து 4 நிமிடம். சாயங்காலக் கூட்டத்தில் 4 நிமிடம் பெரியதுதான். பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். முணுமுணுத்தவரே அடுத்த மாதம் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவருக்கும் சொல்லிக் குடுங்க மேடம்" என்று நின்றதும் நடந்திருக்கிறது.

அண்ணாச்சிக்கு அன்று ஸ்பேசர் ஒன்றைக் கொடுத்து, ஸ்டூலில் உட்காரவைத்து, கூட நின்று இழுக்கவைத்தேன். முதல் இரண்டு தடவை தப்பினார். மூன்றாவது தடவை நெஞ்சுக்கூடு மெதுவாக மேலேறுவதைப் பார்த்தேன். 10 எண்ணினேன். விட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தவர், "உள்ள எறங்குது தாயி" என்றார். டாக்டரைப் போய்ப் பார்க்கச் சொல்லிச் சீட்டில் 20 என்ற எண்ணை வட்டமிட்டு எழுதிக் கொடுத்தேன். டாக்டர் புராஸ்டேட்டுக்கும் பார்த்து அளவைச் சரிசெய்தார். ஒரு ரெண்டு ரூபாய் நோட்டுப் புத்தகத்தை நான் கொடுத்தேன். அடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு.

போன வாரம் கடைப் பக்கம் வந்தார். மருந்து வாங்கி 23 நாள் ஆகியிருந்தது. காதோரம் குப்பியைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் கெடக்கு, அடுத்த வாரம் வாங்கிக்கிடுதேன்" என்றார்.

"குலுக்கிப் பாத்தா தெரியாது அண்ணாச்சி. மருந்து தீந்த பொறவும் காத்து அடிக்கும். நோட்ட எடுங்க" என்றேன்.

மேசைமேல் விரித்து இரண்டு பேரும் கோடுகளை எண்ணினோம். 184.

"ரெண்டு நாளைக்கு வரும். நாளைக்குச் சாயங்காலமே வந்துருங்க."

மூடியை அழுத்திப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.